அணு உலையருகே காற்றில் கசிவு ஏற்பட்டால் வானிலை என்ன செய்யும்?

கேள்வி இது: “கல்பாக்கம், கூடங்குளம் என்றாலே 16 கிமீ வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். உண்மையில் கதிரியக்கப் பொருள் காற்றில் கலந்தால் வட்டமாகவா பரவும்? பகல், இரவு, காற்று, மழை இதெல்லாம் எவ்வளவு வித்தியாசம் செய்யும்?”

வட்டமாகப் பரவாது. என்றைக்கு, எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் எல்லாப் பக்கத்து ஊர்களும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது அந்த வட்டம். கசிவு நடந்த பிறகு வட்டத்தின் பெரும்பகுதியில் ஒன்றுமே இருக்காது. ஒரு பக்கமாக நீளும் பட்டையில் மட்டும் இருக்கும். அந்தப் பட்டை சில சமயம் வட்டத்தைத் தாண்டியும் போகும். ஒரே அளவு கசிவு, ஒரே தூரம், ஆனால் வானிலை மட்டும் வேறு என்றால் தரையில் நின்று சுவாசிப்பவருக்குக் கிடைக்கும் அளவு நூறு மடங்கு வரை மாறலாம். அது எப்படி என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் நடந்த ஒன்றைப் பார்த்துவிடுவோம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்திலிருந்து பல நாட்கள் விட்டுவிட்டுக் கசிவு இருந்தது. ஜப்பானில் அந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றே அதிகம் என்பதால் வெளியேறியதில் பெரும்பகுதி பசிபிக் பெருங்கடலின் மேலே போய்விட்டது. அது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை. அந்த அதிர்ஷ்டம் கைவிட்ட நாள் மார்ச் 15.

அன்று காலையில் 2ஆம் உலையைச் சூழ்ந்த கொள்கலனின் அழுத்தம் சரிந்தது. பெரிய அளவில் கசிவு தொடங்கியது. காலை 9 மணிக்கு நிலையத்தின் முதன்மை வாசலில் மணிக்கு 11,930 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பதிவானது. அந்த நேரத்தில் காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து. ஆகவே மேகம் (மழை மேகம் இல்லை; கசிந்த பொருள் கலந்த காற்றையே இங்கே மேகம் என்கிறேன்) தெற்கே, இபராக்கி மாகாணம் வழியாக டோக்கியோ பக்கம் போனது. அங்கே அளவுமானிகள் ஏறின, பிறகு இறங்கின. பெரும்பாலான இடங்களில் மழை இல்லாததால் மேகம் கடந்ததோடு சரி. பிற்பகலில் காற்று திரும்பித் தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. இப்போது மேகம் வடமேற்கே, மலைப்பள்ளத்தாக்குகளுக்குள் போனது. மாலையில் அதே பகுதியில் மழையும் பனியும் விழுந்தன. சுமார் 40 கிமீ தள்ளி இருந்த இடாட்டே கிராமத்தில் மாலை 6 மணிக்குச் சற்றுப் பிறகு மணிக்குச் சுமார் 45 மைக்ரோசீவர்ட். 60 கிமீ தள்ளி இருந்த ஃபுகுஷிமா நகரத்தில் சுமார் 24. வழக்கமான நாளில் அங்கே 0.1கூட இருக்காது.

அரசு போட்டிருந்த வட்டம் என்ன? 20 கிமீக்குள் வெளியேற்றம், 20 முதல் 30 கிமீ வரை வீட்டுக்குள் இருங்கள் என்ற உத்தரவு. இடாட்டேயின் பெரும்பகுதி அதற்கு வெளியே. அந்த ஊரைக் காலி செய்யும் பகுதியாக அறிவித்தது ஏப்ரல் 22ஆம் தேதிதான், ஐந்து வாரம் கழித்து. இன்னும் வேதனை என்னவென்றால், கடலோரத்தில் நிலையத்துக்கு அருகே இருந்த நாமியே ஊர் மக்கள் பலர் தூரமாகப் போகிறோம் என்று நம்பி அதே வடமேற்கில் உள்ள த்சுஷிமா பகுதியில் போய்த் தங்கியிருந்தார்கள். மறுபுறம், தெற்கே 20 கிமீக்குள்ளேயே இருந்த நராஹாவில் படிவு மிகக் குறைவு. அந்த ஊருக்கான வெளியேற்ற உத்தரவு 2015 செப்டம்பரில் நீங்கியது. இரண்டு மடங்கு தூரத்தில் இருந்த இடாட்டேவுக்கு 2017 மார்ச் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஊரின் பெரும்பகுதிக்குத்தான்.

மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நாளில் கூடிவந்ததால் வந்த வினை இது: கசிவு உச்சத்தில் இருந்தது, காற்று நிலப்பக்கம் திரும்பியது, மேகம் மேலே இருக்கும்போதே மழை பெய்தது. இந்த மூன்றையும் மணிக்கு மணி ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்காமல் “தினசரி சராசரிக் காற்று மேற்கிலிருந்து” என்று மட்டும் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது.

இனி கணக்கு. காற்றில் கலந்த ஒன்று எவ்வளவு நீர்த்துப்போகும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று காற்றின் வேகம்: நொடிக்கு 1 மீட்டரில் வீசும் காற்றைவிட 5 மீட்டரில் வீசும் காற்று அதே அளவுப் பொருளை ஐந்து மடங்கு நீளமான காற்றில் பரப்பிவிடும். இரண்டாவது கொந்தளிப்பு: பக்கவாட்டிலும் மேலும் கீழும் எவ்வளவு வேகமாகக் கலக்கிறது என்பது. வெயில் சுடும் நண்பகலில் தரை சூடாகி, அதையொட்டிய காற்று எழும்பி, மேலே உள்ளது இறங்கி, எல்லாம் புரண்டு கலக்கும். மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ச்சியாகிவிடும். பள்ளிப் புவியியலில் வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று படித்தது இதுதான். கனமான குளிர்காற்று கீழே, லேசான வெதுவெதுப்பான காற்று மேலே என்று ஆனால் எதுவும் மேலே எழாது. போகியன்று அதிகாலை சென்னையில் கொளுத்தும் புகை கலையாமல் ஊர்மேலேயே படிந்து கிடப்பதும், விமானங்கள் தாமதமாவதும் இதனால்தான். கோடை நண்பகலில் அதே குப்பையைக் கொளுத்தினால் அவ்வளவு தெரியாது.

இந்தக் கொந்தளிப்பை ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்பாகப் பிரிப்பது வழக்கம். பாஸ்குவில் வகுப்புகள் என்பார்கள். ஏ என்றால் கடும் வெயில், மென்காற்று, அதிகபட்சக் கலப்பு. டி என்றால் மேகமூட்டம் அல்லது பலத்த காற்று, நடுநிலை. எஃப் என்றால் தெளிந்த இரவு, நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் காற்று, கலப்பு மிகக் குறைவு.

கணக்குக்காக நொடிக்கு 1 கோடி பெக்கரெல் (கதிரியக்கப் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) தரைமட்டத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று போகும் நேர்கோட்டில் 1 கிமீ தள்ளி, சமவெளியில், தரையில் ஒரு கனமீட்டர் காற்றில் எவ்வளவு இருக்கும்? மேகம் நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில் மெலிந்தும் பரவும் என்று கொள்ளும் வழக்கமான காஸியன் சூத்திரத்தில் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் தந்த பரவல் மதிப்புகளைப் போட்டால்: ஏ வகுப்பில் 2 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 38 பெக்கரெல். டி வகுப்பில் 5 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 220. எஃப் வகுப்பில் 2 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 3,400. ஏவுக்கும் எஃப்புக்கும் இடையே கிட்டத்தட்ட 90 மடங்கு. காரணம், எஃப்பில் 1 கிமீ தூரத்தில் மேகத்தின் செங்குத்துப் பரவல் வெறும் 12 மீட்டர்; ஏவில் 200 மீட்டர்.

அப்படியானால் இரவில் கசிந்தால் எப்போதும் ஆபத்து, பகலில் கசிந்தால் பரவாயில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே 1 கோடி பெக்கரெல் 100 மீட்டர் உயர ஸ்டாக்கின் (புகைபோக்கியின்) உச்சியிலிருந்து வெளியேறட்டும். அதே 1 கிமீயில் இப்போது கணக்குத் தலைகீழ். ஏ வகுப்பில் 33; அதாவது ஏறக்குறைய மாற்றமே இல்லை, ஏனென்றால் பகல் கொந்தளிப்பு அதைச் சில நூறு மீட்டர் தூரத்திலேயே தரைக்கு இழுத்துவந்துவிடுகிறது. டியில் சுமார் 7. அங்கே தரையில் உச்ச அளவு கிடைக்கும் இடம் சுமார் இரண்டேகால் கிமீ தள்ளி. எஃப்பில் சைபர் என்றே சொல்லலாம். மேகம் தலைக்கு 100 மீட்டர் மேலே ஒரு மெல்லிய நாடாவாகப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாக் கட்டுவதன் பயன் இதில்தான் இருக்கிறது.

ஆனால் தரைக்காற்றில் இல்லை என்றால் கதிர்வீச்சே இல்லை என்று அர்த்தமில்லை. ஆர்கான், செனான், கிரிப்டான் போன்ற மந்த வாயுக்கள் வெளியிடும் காமாக் கதிர் காற்றில் நூற்றுக்கணக்கான மீட்டர் பாயும். மேகம் மேலே போகும்போதே கீழே நிற்பவர்மீது படும். சுவாசிக்கும் ஆபத்தும் மேலிருந்து படும் கதிரும் வேறுவேறு. இரண்டையும் ஒரே எண்ணில் பேசும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஸ்டாக் இருந்தாலும் கசிவு ஸ்டாக் வழியாக வரும் என்று உத்தரவாதமில்லை. கட்டடத்தின் விரிசல், கதவு, கூரை வழியாக வந்தால் காற்று அந்தப் பொருளைக் கட்டடத்தின் மறுபக்கச் சுழலுக்குள் இழுத்துத் தரையோடு சேர்த்துவிடும். ஸ்டாக் பக்கத்துக் கட்டடத்தைப் போல இரண்டரை மடங்கு உயரம் இருக்க வேண்டும் என்ற பழைய விதி இந்தச் சுழலிலிருந்து தப்பிக்கத்தான்.

கடலோரத்துக்கு வருவோம். நம் நாட்டில் கல்பாக்கம், கூடங்குளம், தாராப்பூர் மூன்றும் கடலோரம். மேலே சொன்ன சமவெளிக் கணக்கு இங்கே இரண்டு இடத்தில் இடறும்.

முதலாவது, திசை. கல்பாக்கத்தில் கோடையில் காலை நேரத்துக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. நிலம் சூடேறிய பிறகு, முற்பகலிலோ நண்பகலிலோ கடற்காற்று நுழையும். பெரும்பாலும் தென்கிழக்கு, கிழக்குப் பக்கத்திலிருந்து. ஒரு மணி நேரத்துக்குள் திசை ஏறக்குறைய எதிராகிவிடும். காலையில் கடல்மேல் போன மேகம் அதோடு தொலைந்தது என்று நினைக்க முடியாது. அதில் ஒரு பகுதி கடற்காற்றோடு திரும்பி வரலாம். காலை 9 மணிக் காற்றை வைத்து “மேகம் கடலுக்குப் போகிறது, பிரச்சினை இல்லை” என்று அறிவித்தால் மதியம் அது திருக்கழுக்குன்றம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். கடற்காற்று எவ்வளவு தாமதமாக நுழையும் என்பதும் நாளுக்கு நாள் மாறும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது தாமதமாகும், சில நாள் நுழையவே நுழையாது.

இரண்டாவது, உயரம். நல்ல வெயில், மென்காற்று. எனவே ஏ வகுப்பு என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கடலிலிருந்து வரும் காற்று சூடாகாத, கலக்காத காற்று. அது கரையைத் தாண்டியதும் சூடான நிலம் கீழிருந்து அதைக் கலக்க ஆரம்பிக்கும். இந்தக் கலப்பு அடுக்கின் உயரம் கரையில் சைபர். உள்ளே போகப்போக ஏறக்குறைய தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். 1 கிமீ உள்ளே சில பத்து மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை, 10 கிமீ உள்ளே சில நூறு மீட்டர் என்ற அளவில் இருக்கும். கரையில் நிற்கும் 100 மீட்டர் ஸ்டாக்கிலிருந்து வரும் மேகம் முதலில் இந்த அடுக்குக்கு மேலே, கலக்காத காற்றில், பரவாமல் ஒடுங்கியே போகும். சில கிமீ உள்ளே அடுக்கின் கூரை அந்த உயரத்தைத் தொட்டதும் மேகம் மொத்தமும் கீழே இழுக்கப்பட்டுத் தரைக்கு வரும். உலைக்கு அருகே இருக்கும் ஊரில் அளவுமானி சும்மா இருக்க, நான்கைந்து கிமீ தள்ளிய ஊரில் ஏறுவது இப்படித்தான். அருகே இருப்பவருக்கே அதிகம் என்ற பொதுப்புத்தி இங்கே செல்லாது. மேலும் அந்த அடுக்கின் கூரை தாழ்வாக இருப்பதால், உள்நாட்டு நண்பகலில் 1 முதல் 2 கிமீ உயரம் வரை கலந்து நீர்த்துப்போகும் பொருள், இங்கே சில நூறு மீட்டருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கல்பாக்கத்திலேயே அளந்து பார்த்தது. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் 220 மெகாவாட் உலைகளில் உலைக்கலனைச் சுற்றிய வெளியில் காற்று இருப்பதால், அந்தக் காற்றிலுள்ள ஆர்கான் நியூட்ரான் பட்டு ஆர்கான்-41 ஆகிறது. அது அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் ஸ்டாக் வழியாக அன்றாடம் வெளியேறும் வாயு. அரைவாழ்நாள் (பாதி சிதைந்து தீர ஆகும் நேரம்) சுமார் 110 நிமிடம், தெளிவான காமாக் கதிர், மண்ணில் படியாது, மழையில் கரையாது. சுற்றியுள்ள காமா அளவுமானிகள் மேகம் எங்கே, எப்போது கடக்கிறது என்று அதை வைத்தே காட்டிவிடும். கல்பாக்கம் ஆராய்ச்சியாளர்கள் கடற்காற்றைக் கணிக்கும் கணினி மாதிரிகளைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத பரிசோதனைப் பொருள்.

கூடங்குளத்தின் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று சீறிவரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதும் அதனால்தான். அவ்வளவு வேகத்தில் நீர்த்தல் நன்றாக இருக்கும், திசையும் நிலையாக இருக்கும். அந்தப் பருவம் முடிந்து காற்று தளரும் மாதங்களில்தான் கடற்காற்று, நிலக்காற்று விளையாட்டு முன்னுக்கு வரும்.

அடுத்தது மழை. இதைத்தான் மக்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மழை இல்லாதபோது துகள்கள் தரையில் படிவது மிக மெதுவாக நடக்கும். சீசியம் ஒட்டிய நுண்துகளுக்கு நொடிக்கு 0.1 சென்டிமீட்டர், தனிம அயோடினுக்கு 1 சென்டிமீட்டர், மெதில் அயோடைடு போன்ற கரிம அயோடினுக்கு அதைவிட நூறு மடங்கு குறைவு என்ற மதிப்புகளைக் கணக்கில் எடுப்பார்கள். மந்த வாயுக்கள் படியவே படியாது. மழை வந்தால் நிலைமை மாறிவிடும். மணிக்கு 1 மிமீ தூறலே ஒரு மணி நேரத்தில் மேகத்திலுள்ள துகளில் நாலில் ஒரு பங்கைக் கழுவி இறக்கிவிடும். மணிக்கு 10 மிமீ மழை என்றால் ஒரு மணி நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறங்கிவிடும். காற்று சுத்தமாகும், மண் அழுக்காகும். அந்தப் பாதையில் மேலும் தள்ளி இருப்பவர்களுக்கு லாபம். மழை விழுந்த இடத்துக்குப் பல்லாண்டு நஷ்டம், ஏனென்றால் சீசியம்-137இன் அரைவாழ்நாள் 30 ஆண்டு.

செர்னோபில் வரைபடம் திட்டுத்திட்டாக இருப்பது இதனால்தான். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்து, தீயின் வெப்பம் பொருளை 1 கிமீக்கு மேல் தூக்கியது. கசிவு சுமார் பத்து நாள் நீடித்தது. பத்து நாளில் காற்று எல்லாத் திசைக்கும் ஒருமுறை திரும்பிவிட்டது. ஏப்ரல் 28 காலை சுமார் 1,100 கிமீ தள்ளி ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர்களின் காலணியில் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டுத்தான் வெளியுலகுக்கே விஷயம் தெரிந்தது. அங்கே யெவ்லே நகரப் பகுதியில் மழை பெய்ததால் படிவு அதிகம். பக்கத்து மாவட்டங்களில் அவ்வளவு இல்லை. உலையிலிருந்து சுமார் 200 கிமீ வடகிழக்கே, பெலாரஸின் கோமெல், மொகிலேவ், ரஷ்யாவின் பிரையன்ஸ்க் பகுதிகளில் விழுந்த பெரிய திட்டும் ஏப்ரல் 28, 29 மழையின் கைவரிசை. மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டனின் கம்ப்ரியா, வேல்ஸ் மலைகளில் பெய்த மழையால் அங்குள்ள ஆடுகளை விற்பதற்குப் போட்ட கட்டுப்பாடு 2012 வரை முழுதாக நீங்கவில்லை.

டோக்கியோவிலும் மார்ச் 15 மேகத்தைவிடக் குடிநீரைப் பாதித்தது மார்ச் 21 முதல் பெய்த மழைதான். கனமாச்சி நீர்சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரெல் அயோடின்-131. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. ஓரிரு நாளில் வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. அயோடின்-131இன் அரைவாழ்நாள் எட்டு நாள். இரண்டே நாளில் இவ்வளவு இறங்கியதற்கு அது காரணமாக முடியாது. மழையோடு வந்த நீர் கடந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது அளவீட்டில் என்னென்ன தவறும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதிரிகளின் குறை என்று திட்டுவதில் பாதி, உள்ளே கொடுத்த காற்றுத் தரவின் குறை.

மிகச் சாதாரணமான தவறு திசைதான். வானிலைத் துறை 270 டிகிரி என்றால் மேற்கிலிருந்து வீசுகிறது என்று பொருள். மேகம் போவது 90 டிகிரி பக்கம், கிழக்கே. அவசரத்தில் வரைபடத்தில் நேர் எதிர்ப்பக்கம் பட்டை வரைந்துவிடுவது நடக்கக்கூடியதே. அதனால் எழுதும்போதே “இங்கிருந்து, இந்தப் பக்கம் நோக்கி” என்று இரண்டையும் எழுதுவது நல்ல பழக்கம். அடுத்தது சராசரி: காற்று 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடையே ஆடுகிறது என்றால் அது வடக்குக் காற்று. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், அதாவது தெற்குக் காற்று! திசையைத் திசையன் முறையில்தான் சராசரி எடுக்க வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் யாராவது அவசரமாக விரிதாளில் போட்ட கணக்கில் இது எட்டிப் பார்க்கும்.

கொந்தளிப்பு வகுப்பைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. கோபுரத்தில் 10 மீட்டரிலும் 60 மீட்டர் போன்ற உயரத்திலும் வெப்பநிலையை அளந்து வித்தியாசம் பார்ப்பது ஒன்று: 100 மீட்டருக்கு 1.9 டிகிரிக்கு மேல் குறைந்தால் ஏ, 0.5 முதல் 1.5 டிகிரி வரை குறைந்தால் டி, குறைவதற்குப் பதில் 1.5 முதல் 4 டிகிரி வரை ஏறினால் எஃப். இதில் வெப்பமானிகளுக்கு இடையே அரை டிகிரி பிசகு இருந்தாலே வகுப்பு மாறிவிடும். இன்னொன்று, காற்றுத்திசை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது: ஆட்டம் 25 டிகிரி என்றால் ஏ, 10 என்றால் டி, 2.5 என்றால் எஃப். பகலில் இது நன்றாக வேலை செய்யும். காற்று விழுந்த இரவில் ஏமாற்றும். அப்போது காற்று மெதுவாக இங்கும் அங்கும் அலையும். திசைகாட்டி 40 டிகிரிகூட ஆடும். கணினி “ஏ வகுப்பு, நல்ல கலப்பு” என்று சொல்லிவிடும். உண்மையில் செங்குத்துக் கலப்பு துளியும் இல்லாத நேரம் அது. அதனால் இரவில் வெப்பநிலை வித்தியாசத்தைத்தான் நம்ப வேண்டும், அல்லது ஆட்டத்தை வைத்து வந்த வகுப்பைக் காற்றுவேகம் பார்த்துத் திருத்த வேண்டும்.

கடலோரத்தில் உப்பு இன்னொரு தொல்லை. கிண்ண வேகமானியின் பேரிங்கில் உப்பும் மணலும் சேர்ந்தால் நொடிக்கு அரை மீட்டரில் சுழலத் தொடங்க வேண்டியது 1 மீட்டர் வந்தாலும் அசையாது. பதிவேட்டில் “காற்றில்லை” என்று நிறையப் பதிவாகும். சூத்திரத்தில் வேகம் வகுக்கும் இடத்தில் இருப்பதால் வேகம் சைபரானால் செறிவு முடிவிலி ஆகிவிடும். அதனால் மென்பொருள்கள் 0.5 அல்லது 1 மீட்டர் என்று ஒரு குறைந்தபட்சத்தை வைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்காமல் வெளியீட்டை நம்பக்கூடாது. கோபுரமும் அக்கம்பக்கத்துக் கட்டடம், மரத்திலிருந்து அவற்றின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். நட்ட சவுக்கு பதினைந்து ஆண்டில் எவ்வளவு வளரும் என்பதைக் கோபுரம் வைக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

காஸியன் சூத்திரம் சமநிலம், மாறாத காற்று, சில கிமீ தூரம் என்பதற்கு நல்லது; கையாலேயே போட்டுப் பார்க்கலாம். காற்று திரும்பும் நாளில், மலை இருக்கும் இடத்தில், பத்து இருபது கிமீக்கு அப்பால் அதை இழுத்து நீட்டக்கூடாது. அங்கே வானிலை முன்கணிப்பு மாதிரியின் மணிக்கு மணி காற்றை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களை அதில் விட்டுப் பின்தொடரும் மாதிரிகள் வேண்டும்.

ஜப்பானிடம் அப்படி ஒரு அமைப்பு இருந்தது. ஸ்பீடி என்று பெயர். மின்சாரமும் தொடர்பும் போனதால் உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற தரவு அதற்குக் கிடைக்கவில்லை. மணிக்கு 1 பெக்கரெல் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மை அளவு தெரியாததால் பயனில்லை என்று ஓரங்கட்டினார்கள். மக்கள் பார்க்கும்படி முதல் வரைபடம் வந்தது மார்ச் 23ஆம் தேதி. என் கருத்தில் அது பெரிய பிழை. 1 பெக்கரெல் என்று போட்டாலும் பட்டை எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு எங்கே சேரும் என்பது மாறாது. எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்லத்தான் அளவு தேவை. எந்தச் சாலையில் போகக்கூடாது என்று சொல்ல அது தேவையில்லை.

கடைசியாக, ஊரில் இருப்பவர் செய்யக்கூடியவை. அதிகாரிகளின் அறிவிப்புதான் முதல். கீழே உள்ளது அந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ள.

வீட்டுக்குள் இருங்கள் என்றால் கதவு சன்னலை மூடி, உள்காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மின்விசிறியையும் வெளிக்காற்றை இழுக்கும் ஏர் கூலரையும் நிறுத்தி, உள்ளறைக்குப் போக வேண்டும். மேகம் கடந்த பிறகு நிலைமை மாறும்: உள்ளே புகுந்த கொஞ்சமும் உள்ளேயே தங்கியிருக்கும், வெளிக்காற்று சுத்தமாகியிருக்கும். கடந்துவிட்டது என்று அறிவித்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். பலர் பயத்தில் மூடியே வைத்திருப்பார்கள்.

வெளியேறுங்கள் என்றால் மேகம் போகும் திசையிலேயே ஓடக்கூடாது. அதற்குக் குறுக்கே, பக்கவாட்டில் போக வேண்டும்; பட்டை ஒடுங்கலாக இருக்கும்போது சில கிமீயிலேயே வெளியே வந்துவிடலாம். ஒரே சாலைதான், அதுவும் மேகத்தின் பாதையில்தான் என்றால், அதில் வாகன நெரிசலில் நிற்பதைவிட நல்ல சுவருள்ள வீட்டுக்குள் இருப்பது மேலாக இருக்கலாம். அதை முடிவு செய்யத்தான் மணிக்கு மணி காற்றுத் தகவல் வேண்டும்.

மழை பெய்தால் நனையாதீர்கள்; நனைந்துவிட்டால் மேலாடையை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டுக் குளிக்க வேண்டும். கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கும் வீடுகளில் முதல் வேலை அந்தக் குழாயைத் தொட்டியிலிருந்து பிரித்துவிடுவது. திறந்த கிணற்றை மூடுங்கள். மாட்டைத் தொழுவத்துக்குள் கட்டி, மூடிவைத்த வைக்கோலைப் போடுங்கள், மேய விடாதீர்கள். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது மக்களுக்கு முக்கியமான ஆபத்து மூச்சுக்காற்று வழியாக வரவில்லை. அயோடின் புல்லில் படிந்து, மாடு மேய்ந்து, பாலுக்கு வந்தது. சுமார் 500 சதுர கிமீ பரப்பில் பாலைக் கறந்து கொட்டினார்கள். அந்தத் தடைப்பகுதியும் வட்டமாக இல்லை, காற்று போன பக்கமாகக் கடற்கரையை ஒட்டித் தெற்கே நீண்டிருந்தது.

அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொல்லாமல் விழுங்காதீர்கள். மேகம் வருவதற்குச் சற்று முன்னோ வந்த உடனேயோ போட்டால்தான் முழுப் பயன்; ஒரு நாள் கழித்துப் போட்டால் பெரிதாகப் பயனில்லை. அது அயோடினுக்கு எதிராக மட்டும்; சீசியத்தைத் தடுக்காது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்பதை மறுபடியும் காற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.